கண்ணீருக்கு இறக்குமதித் தடை இல்லை

2022ஆம் ஆண்டு இலங்கை அரசாங்கம் ஒரேயொரு ஒன்லைன் வியாபாரத்தை வெற்றிகரமாக நடத்திக் காட்டியது. விற்ற சரக்கு, வரிசை. ‘தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரம்’ என்று பெயர் வைத்து ஜூலையில் கடையைத் திறந்தார்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் வாகனத்தின் செசி நம்பரையும் கொடுத்தால் கைபேசிக்கு ஒரு கியூஆர் சதுரம் வந்து விழும். அதைக் காட்டினால் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. விளம்பரச் செலவு கிடையாது. போட்டிக்கு வேறு கடை கிடையாது. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு ஓடவும் முடியாது, ஓடுவதற்குப் பெற்றோல் வேண்டுமே.

அதே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பலர் ஒன்லைன் கடை வைத்திருந்தார்கள். அவர்களிடம் உண்மையான சரக்கு இருந்தது. அவர்கள் விட்ட பிழை அதுதான்.

2017இல் வேலை கேட்டுக் கச்சேரி வாசலில் மாதக்கணக்காகக் குந்தியிருந்த பட்டதாரிகளுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி நினைவிருக்கும். அரச உத்தியோகத்தையே நம்பியிராதையுங்கோ, தொழில்முனைவோராக வாருங்கோ. வந்தார்கள். 2020 ஊரடங்கு வந்தபோது இன்னும் பலர் வந்தார்கள். ஒடியல் மா, பனங்கட்டி, யாழ்ப்பாணத்துத் தூள், எள்ளுருண்டை, பிளவுஸ் தையல், மருதாணி, கேக். கடை வாடகை இல்லை, முற்பணம் இல்லை, குசினிதான் தொழிற்சாலை, வட்ஸ்அப்தான் கல்லாப்பெட்டி. ‘விலை என்ன?’ என்று கீழே எழுதுகிறவருக்கு ‘இன்பொக்ஸ் பாருங்கோ’ என்று பதில் எழுதினால் வியாபாரம் தொடங்கிவிட்டது.

இதில் கேக் அடிக்கிற ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கோண்டாவிலோ உடுப்பிட்டியோ, எந்த ஊராகவும் இருக்கட்டும். சீட்டுக் காசில் மின்சார அவண் ஒன்று வாங்கியிருக்கிறாள். அவளுடைய தொழிலுக்கு வேண்டியவை கொஞ்சம்தான்: கரண்ட், காஸ், சீனி, பால்மா, பெற்றோல், இணையம், விற்ற காசு கைக்கு வந்து சேர ஒரு வழி. இந்தப் பட்டியலை யாரோ கொழும்பில் ஒருவர் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்டியிருக்கவேண்டும். தற்செயலாக நடந்தது என்று நம்புவதற்கு என்னால் முடியவில்லை.

முதலில் சீனி. 2020 ஒக்ரோபரில் இறக்குமதிச் சீனிக்கான வரியைக் கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைத்தார்கள். பிள்ளை சந்தோஷப்பட்டிருப்பாள். கடைக்குப் போனால் சீனி விலை இறங்கவேயில்லை. வரியும் அரசுக்குப் போகவில்லை, விலையும் அவளுக்குக் குறையவில்லை. இடையில் எவரெவரோ இனிப்பாக இருந்தார்கள். அதற்கு முதல் வருடம், ‘சுபீட்சத்தின் நோக்கு’ என்ற புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஆட்சிக்கு வந்த கையோடு, 15 வீதமாக இருந்த வற் வரியை 8 வீதமாக்கி, வருட விற்பனை 30 கோடி ரூபா வரைக்கும் வற் பதிவே வேண்டாம் என்றார்கள். 30 கோடிக்குக் கேக் விற்கும் பிள்ளை ஊரில் இல்லை. சலுகை யாருக்காக அடிக்கப்பட்ட கேக் என்று விளங்கியிருக்கும். திறைசேரி காலியானது அவர்களால். அதை நிரப்ப 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று வற் ஏறியபோது கட்டியது அவள். மாவுக்கும் பெட்டிக்கும் றிபனுக்கும் சேர்த்துக் கட்டினாள்.

காஸ் சிலிண்டர் 2021 ஒக்ரோபர் வரை 1,493 ரூபா. 2022 ஏப்ரலில் 4,860. விலையைக் கேட்டுத் திடுக்கிட்டு, பிறகு மனதைத் தேற்றிக்கொண்டு வாங்கப் போனால் சிலிண்டரும் இல்லை. பால்மா 400 கிராம் பைக்கற் 790 ரூபாவைத் தொட்டது மார்ச்சில். மார்ச் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம். எந்தப் பகுதிக்கு எப்போது இருட்டு என்று ஆங்கில எழுத்துகளில் குழு பிரித்து ஒரு நேரசூசி வரும். கேக் அந்த நேரசூசியைப் படிப்பதில்லை. அவணுக்குள் வைத்து இருபதாவது நிமிடத்தில் கரண்ட் போனால் அது மேலே எழும்பவும் மாட்டாது, கீழே இறங்கவும் மாட்டாது, நடுவில் குழிவிழுந்து கிடக்கும். வீட்டில் உள்ளவர்கள் மூன்று நாளைக்குத் தேத்தண்ணியோடு அதைத் தின்று தீர்ப்பார்கள்.

இருந்தும் அவள் விடவில்லை. கொக்காரையும் பன்னாடையும் கங்குமட்டையும் பொறுக்கி, அடியில் நெருப்பு, மூடிமேல் தணல் என்று அம்மம்மா காலத்து முறையில் கேக் அடித்தாள். ஓடர்கள் வந்தன. சித்திரைப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது.

அப்போது வந்தது 2022 ஏப்ரல் 3, ஞாயிற்றுக்கிழமை.

மார்ச் 31 இரவு மிரிஹானவில் ஜனாதிபதியின் வீட்டு வாசலில் சனம் திரண்டது. பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை என்று கத்தியது. அரசாங்கம் ஆழமாக யோசித்து, இல்லாதவற்றின் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்தது. பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கை என்று சொல்லி, ஏப்ரல் 2 நள்ளிரவுக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், இன்ஸ்டகிராம், யூரியூப், ருவிற்றர் எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். நாடு முழுக்க ஊரடங்கு வேறு. பின்னேரம் ஆகும்வரை சுமார் பதினைந்து மணித்தியாலம் தடை. கொழும்பில் ஜனாதிபதியின் வீட்டு வாசலில் கூட்டம் கூடியதற்கு உடுப்பிட்டியில் கேக் கடையைப் பூட்டினார்கள். தெருவிலே கடை வைத்திருப்பவன் கதவுப் பலகையைப் போட்டால் அது அவனுடைய கை. இவளுடைய கதவுப் பலகை பாதுகாப்பு அமைச்சில் இருந்திருக்கிறது, அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இனிமேல்தான் பகிடி. அந்த நேரம் நாட்டில் டிஜிற்றல் தொழில்நுட்பத்துக்கும் தொழில்முனைவோர் விருத்திக்கும் பொறுப்பாக ஓர் இராஜாங்க அமைச்சர் இருந்தார். அதாவது, கேக் பிள்ளைக்கென்றே நியமிக்கப்பட்ட அமைச்சர். பெயர் நாமல் ராஜபக்ச. பிரதமரின் மகன், ஜனாதிபதியின் பெறாமகன். அன்று அவர் ருவிற்றரில் எழுதினார்: சமூக ஊடகத் தடையைத் தான் ஏற்கமாட்டாராம், தன்னைப்போல விபிஎன் போட்டு உள்ளே வரக்கூடிய காலத்தில் இதனால் ஒரு பிரயோசனமும் இல்லையாம். தகப்பனும் சித்தப்பாவும் முன்வாசலைப் பூட்ட, அமைச்சர் கோடிப்பக்கத்து வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, பூட்டு சரியில்லை என்று நாட்டுக்கு அறிவித்தார். அன்றிரவே, பிரதமரைத் தவிர, அமைச்சரவை முழுவதும் இராஜினாமா. இவரும் போனார். பதவிக்காலத்தில் அவர் தொழில்முனைவோருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன கடைசிப் பாடம் விபிஎன்.

சரி, ஓடர் எப்படியோ வந்தது என்று வையுங்கள். காசு எப்படி வரும்?

யாழ்ப்பாணத்துக் கேக்கின் முதன்மையான வாடிக்கையாளர் யாழ்ப்பாணத்தில் இல்லை. ரொரன்ரோவில், லண்டனில், சூரிச்சில் இருக்கிறார். அம்மம்மாவின் பிறந்தநாளுக்கு அங்கேயிருந்து ஓடர் பண்ணுவார், கேக் இங்கே வீட்டு வாசலுக்குப் போகும். ஊருக்குள் நேரே டொலர் கொண்டுவரும் வியாபாரம். டொலர் இல்லாமல் எண்ணெய்க் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே காத்துக் கிடந்த நாடு, இப்படிப்பட்ட பிள்ளைக்கு வாசலில் நிறைகுடம் வைத்திருக்கவேண்டும். வைத்தார்களா? இலங்கையிலிருந்து பேபாலில் காசு வெளியே அனுப்ப முடிந்தது, வெளியிலிருந்து வருவதைப் பெற முடியவில்லை. ஆண்டாண்டு காலமாக அதுதான் நிலையாக இருந்தது. அரசாங்கங்கள் மாறின, வந்த அமைச்சர் ஒவ்வொருவரும் பேச்சுவார்த்தை நடக்கிறது என்றார். எங்கள் ஊரில் ‘பேச்சுவார்த்தை நடக்கிறது’ என்று கேட்டால் என்ன விளங்கவேண்டுமோ அது எங்களுக்கு விளங்கும்.

ஆகவே ரொரன்ரோக்காரர் அங்குள்ள மாமியின் கணக்குக்குப் போடுவார், மாமியின் கணக்கை இங்கே ஒருவர் உண்டியல் என்ற வங்கிக்கு வெளியிலான பணமாற்றில் தீர்ப்பார். மத்திய வங்கி டொலரை 203 ரூபாவில் ஆணியடித்து வைத்திருந்த 2021 கடைசியில் உண்டியல்காரன் 240க்கு மேல் கொடுத்தான். போட்டிக்கு மத்திய வங்கியும் இறங்கியது: வங்கியால் அனுப்பினால் டொலருக்கு 10 ரூபா மேலதிகம் என்று டிசெம்பரில் அறிவித்தது. பத்து ரூபா! கூடவே உண்டியலுக்குப் போனால் நடவடிக்கை என்று எச்சரிக்கையும். சட்டப்படி நடந்தால் நட்டம், நடக்காவிட்டால் குற்றம் என்று இரண்டு வாசல் வைத்துக் கட்டிய வீடு இது. 2022 மார்ச் 7இல் ஆணி கழன்றது. மே மாதத்தில் டொலர் 360. அவள் பேஸ்புக்கில் விளம்பரம் போடவும் டொலர்தான் வேண்டும். வங்கி அட்டை வெளிநாட்டுக் கட்டணத்தை ஏற்க மறுத்தது. ஊருக்குள் டொலரைக் கொண்டுவரும் பிள்ளைக்கு, சில டொலர் செலவழிக்க அனுமதி இல்லை.

ஏப்ரல் 12இல் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கையை விரித்தது. மறுநாள் மத்திய வங்கி ஆளுநர் வெளிநாட்டிலுள்ள இலங்கையரிடம் நன்கொடை கேட்டார், அதற்கென்று வங்கிக் கணக்குகளின் இலக்கமும் கொடுத்தார்கள். வருஷப்பிறப்புக்கு முதல்நாள்! பிள்ளை கனடாக் காசுக்குக் கேக் கொடுத்தாள். அரசு கனடாக் காசைச் சும்மா கேட்டது. அவளுக்குத்தான் சட்ட எச்சரிக்கை. இந்த நாடு எப்போது ஒரு தர்மப் பெட்டியாக மாறியது என்று பிற்காலத்து மாணவர் யாராவது ஆராய்ச்சி செய்தால் அந்தத் திகதியை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம்.

டிலிவரியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஜூன் 26இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. அடுத்த இரண்டு நாளில் அத்தியாவசிய சேவை தவிர எவருக்கும் இல்லை என்றார்கள். கேக் அத்தியாவசிய சேவை அல்ல. பிறகு கியூஆர் வந்து வாரம் 4 லீற்றர் கிடைத்தபோது கணக்குப் பார்க்கலாம்: யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 33 கிலோமீற்றர், போய்வர 66. கிழமைக்கு இரண்டு முறை போய்வந்து, மூன்றாம் முறை போனால் திரும்பி வருவது உருட்டிக்கொண்டு. போன இடத்தில் வாடிக்கையாளர் ‘இப்ப காசில்லை, நாளைக்கு வாங்கோ’ என்று சொன்னால் அதற்குக் கியூஆர் இல்லை.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் ஒரு பெருமை பேசுவார்கள். ‘கொழும்பான் இப்பதான் லைனைப் பாக்கிறான், நாங்கள் எல்லாம் கண்ட ஆக்கள்.’ உண்மை. 1990இல் பொருளாதாரத் தடை போட்டபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம், சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டோம், ஜாம் போத்தல் விளக்கில் பரீட்சைக்குப் படித்தோம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதையைப் பூட்டியபோது கப்பல் வந்தால் சீனி, வராவிட்டால் பனங்கட்டி என்று இருந்தோம். ஆனால் இந்தப் பெருமையை யார் மிகவும் விரும்பிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். எங்களைப் பட்டினி போட்டவர்கள்தான். ‘வடக்கு மக்கள் எதையும் தாங்குவார்கள்’ என்ற புகழுரை ஒரு வரவுசெலவுத் திட்ட வரி. அவர்கள் தாங்குவார்கள், ஆகவே இங்கே ஒதுக்கத் தேவையில்லை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே பாய்ச்சலில் போனபோது, கரைகளில் வள்ளங்களை இழுத்துவைத்துவிட்டுக் குந்தியிருந்த கடற்றொழிலாளர்களிடமும் இதே தாங்கும் சக்தியைத்தான் எதிர்பார்த்தார்கள். அந்த மண்ணெண்ணெயில் முப்பது வருடத்துக்கு முன் ஓடிய மோட்டார் சைக்கிளைப் பற்றிக் கண்கலங்கிக் கதை சொல்லும் பெரியவர்களே, கொஞ்சம் நிறுத்துங்கள். அது தண்டனை. நீங்கள் அதைச் சான்றிதழ்போல் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறீர்கள்.

சான்றிதழ் என்றதும் பயிற்சிப் பட்டறைகள் நினைவுக்கு வருகின்றன. நெருக்கடி உச்சத்தில் இருந்தபோதும் டிஜிற்றல் மார்க்கெட்டிங் கற்பிக்க ஆட்களுக்குக் குறைவில்லை. குளிரூட்டிய மண்டபம், ஜெனரேட்டர், பின்னால் பெரிய பதாகை, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல், கடைசியில் குழுப்படம். ‘உங்கள் இலக்கு வாடிக்கையாளர் யார்?’ என்று கேட்பார்கள். பிள்ளை எழுந்து, ஐயா, என் இலக்கு ஒரு காஸ் சிலிண்டர் என்று சொன்னால் அது அவர்களின் படிவத்தில் எந்தக் கட்டத்திலும் அடங்காது.

கடைசியில் அவள் கடையை மூடினாள். நேரே மூடிவிட்டதாகச் சொல்லவுமில்லை, யாரும் சொல்வதில்லை. பேஸ்புக் பக்கத்தில் புதிய படம் வருவது நின்றுபோகும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்லைன் வியாபாரம் யாழ்ப்பாணத்தில் அழிந்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு துறை செழித்தது. அதற்கு மா வேண்டாம், பால்மா வேண்டாம், காஸ் வேண்டாம். மூலப்பொருள் நூறு வீதம் உள்ளூர், எந்த இறக்குமதித் தடையும் அதைத் தொடாது, கையிருப்பு குறையவே குறையாது. அதன் பெயர் கஷ்டம்.

கமராவைத் தூக்கிக்கொண்டு தம்பி ஒருவர் ஒழுங்கைக்குள் இறங்குவார். ஓலை வீடு, பெண் தலைமைத்துவக் குடும்பம், நடக்க இயலாத பிள்ளை, காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம். ‘அம்மா, கடைசியாக எப்ப சாப்பிட்டனீங்கள்?’ அம்மா சொல்வார். தம்பிக்கு அந்தப் பதில் போதாது, இன்னொருமுறை, கொஞ்சம் மெதுவாக, கமராவைப் பார்த்துச் சொல்லச் சொல்வார். அரிசி மூட்டை ஒன்றை இறக்குவார். மூட்டை இறங்குவதை மூன்று கோணத்தில் எடுப்பார். இரவு பதிவேற்றுவார். ரொரன்ரோவிலும் பாரிஸிலும் விடியும்போது பார்த்து அழுவார்கள். யூரியூப் டொலரில் கட்டும், கனடாவிலும் லண்டனிலும் பார்ப்பவருக்குக் காட்டும் விளம்பரத்துக்குக் கூடவே கட்டும். இங்கே கணக்குப் பாருங்கள்: டொலர் 203ஆக இருந்தபோது அழுத அதே அம்மா 360ஆன பிறகு அழுதால், அதே கண்ணீருக்கு முக்கால் பங்கு கூடுதல் ரூபா. ரூபா விழ விழ இலாபம் ஏறும் ஒரே வியாபாரம். பொருளாதார நெருக்கடி இந்தத் துறைக்கு ஊக்குவிப்பு மானியம்.

உதவி கிடைத்த வீடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. அந்தக் காசில் கட்டிய மலசலகூடமும் கிணறும் இருக்கின்றன. பெயரும் முகமும் காட்டாமல் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றி எந்தக் காணொளியும் இல்லாததால் நமக்குத் தெரியாது. என் கோபம் அரிசி மூட்டையில் இல்லை, மூட்டைக்குக் கேட்கப்பட்ட விலையில். கேக் பிள்ளை தன் கேக்கை விற்றாள், முகத்தை விற்கவில்லை. அந்த அம்மாவிடம் விற்க முகம்தான் இருந்தது, அதுவும் அவருடைய கணக்குக்குப் போகவில்லை.

2025இல் இந்தக் காணொளிகளில் சில எல்லை மீறி, வழக்கு, கைது என்றெல்லாம் போனபோது ஊர் திடுக்கிட்டது. அதுவரை சப்ஸ்கிரைப் பண்ணி வைத்திருந்த ஊரும் அதே ஊர்தான். ஒரு மாற்றுத்திறனாளியின் வீட்டுக் காணொளிக்குக் கீழே ‘நல்ல மனசு தம்பி’ என்று எழுதிய கைகள்தான், நாலு வருடத்துக்கு முன் கேக் படத்துக்குக் கீழே ‘விலை கூடப் போல கிடக்கு’ என்று எழுதியவை. புலம்பெயர்ந்த உறவுகளே, உங்களையும்தான் சொல்கிறேன். வியாபாரம் செய்கிற பிள்ளையோடு ஐந்து டொலருக்குப் பேரம் பேசுவீர்கள், அழுகிற பிள்ளைக்கு ஐம்பது அனுப்புவீர்கள். அவள் எதைக் கற்றுக்கொள்ளவேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

நாட்டை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களைப் பற்றியும் ஒரு தகவல். 2023 நவம்பர் 14இல் உயர் நீதிமன்றம், அன்றைய ஜனாதிபதி கோட்டாபய, பிரதமர் மகிந்த, பசில் ராஜபக்ச உள்ளிட்டோர் நெருக்கடிக்குப் பொறுப்பு என்றும் மக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்றும் தீர்ப்பளித்தது. மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கொடுக்கச் சொன்னது. அந்தக் காசுக்கு நல்லதொரு மின்சார அவண் வாங்கலாம். அதே வருடம் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வங்கிகளின் திறைசேரி முறிகளைத் தொடாமல், தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியைத் தொட்டார்கள்.

இப்போது வேறு அரசாங்கம். புத்தகத்தின் பெயரும் மாறிவிட்டது: ‘வளமான நாடு, அழகான வாழ்க்கை’. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றை அவர்களுக்கே கொடுத்தோம். டிஜிற்றல் பொருளாதாரத்தை 1,500 கோடி டொலருக்கு வளர்ப்பதாகச் சொல்கிறார்கள். வளர்க்கட்டும். 2025 ஏப்ரலிலிருந்து, வீட்டில் இருந்தபடி வெளிநாட்டுக்கு வேலை செய்து டொலர் உழைக்கும் பிள்ளைகளின் வருமானத்துக்கும் 15 வீதம் வரை வரி. மின்வெட்டில் பட்டறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேலை பழகியபோது காணக் கிடைக்காத அரசு, சம்பளம் வந்த அன்று சரியான விலாசத்துக்கு வந்துவிட்டது. 2024 தொடக்கத்திலேயே 18 வயது தாண்டிய எல்லோரும் வரி செலுத்துநர் அடையாள எண் எடுக்கவேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். ரின் நம்பர் என்று ஊரில் சொல்கிறார்கள்.

ஆகவே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறேன். நெல்லியடிப் பக்கத்தில் ஒரு ஆச்சி, ஓலைக்குடிசை வாசலில் இருந்து, கனடாவில் இருப்பவர் பார்ப்பதற்காக, தம்பி சொன்ன இடத்தில் சொன்னபடி இரண்டு தரம் அழுகிறார். அது டொலராக மாறி வந்து சேர்கிறது. இது வெளிநாட்டுக்கு வழங்கிய சேவையா, ஏற்றுமதி செய்த பொருளா? ஏற்றுமதியாளர் தம்பியா, ஆச்சியா? ஆச்சிக்கு ரின் நம்பர் கட்டாயமா? கட்டாயம் என்றால் படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் என்ன நிரப்பவேண்டும் என்பதைத் தமிழில் அறிவியுங்கள். ஆச்சிக்கு வேறு மொழி தெரியாது.